சார்ஜ் ஏறாத வண்டி

அவனியாபுரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகையில் வெள்ளைத்துரை பேட்டரிக் கடை வைத்திருந்தான். லாரி பேட்டரி, டிராக்டர் பேட்டரி, மைக்செட்டுக்காரர்களின் பேட்டரி என்று எது வந்தாலும் சார்ஜ் போட்டுத் தருவான். கடைக்குள் பகல் முழுக்க சார்ஜர் பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசிச் சலித்துப்போய், வருகிறவர்கள் வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஆசிட் தெறித்து அவனுடைய சட்டை எல்லாவற்றிலும் மிளகு அளவுக்கு ஓட்டைகள்.

அவனுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணமான மூன்றாவது வருஷம், இந்த ஆசிட் நெடியில் தன்னால் குடித்தனம் நடத்த முடியாது என்று பிறந்த வீட்டுக்குப் போன ஒச்சம்மாள் திரும்பி வரவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷமாகக் கடைக்குப் பின்னால் ஒரு தடுப்பில் படுத்துக்கொள்வதும் எதிர்த்த ஓட்டலில் சாப்பிடுவதுமாக அவன் காலம் போய்க்கொண்டிருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரிய ஆள் கடை வாசலில் வந்து நின்றார். திருமங்கலத்தில் டிராக்டர் பட்டறைக்காரர் சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். பேர் விருமாண்டி. பேரையூருக்கு மூன்று மைல் இப்பால் ரோட்டோரமாகத் தோட்டம்.

“டிராக்டர் பேட்டரியாண்ணே?” என்று கேட்டான் வெள்ளைத்துரை.

“டிராக்டரும் இல்ல, காரும் இல்லப்பா. எந் தம்பி அமெரிக்காவுல இருந்து ஒரு வண்டி அனுப்பியிருக்கான். பெட்ரோலு டீசலு ஒண்ணும் கெடையாது. பேட்டரியிலயே ஓடும். அங்க பெரிய மனுசங்க பந்தடிக்கிற மைதானத்துல இதுலதான் சுத்துவாகளாம்.”

“ஓடுதா?”

“ஓடுனா நா ஏன் ஒங்கிட்ட வாரேன்? சார்ஜு ஏற மாட்டேங்குது. எந் தங்கச்சிக்குன்னு அனுப்புனது. அதுக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்து ஒரு காலு வெளங்காமப் போச்சு. ஒருக்கா வந்து பாரு.”

அந்த மாதிரி வண்டியை வெள்ளைத்துரை பார்த்ததே இல்லை. ஆனால் பேட்டரி எங்கே இருந்தாலும் பேட்டரிதான் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான்.

ஞாயிறு காலை திருமங்கலத்தில் பஸ் மாறி, பத்து மணிக்குத் தோட்டத்தில் போய் இறங்கினான். வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி டிராக்டர் நிற்கிற கொட்டகை. அதில் ஒரு பக்கமாக அந்த வண்டி நின்றது. பால் நிறம். முன்னால் கண்ணாடி இல்லை, பக்கத்தில் கதவு இல்லை. இரண்டு பேர் உட்காரும் ஒரே சீட், மேலே கூரை, ஸ்கூட்டர் சக்கரம் போல நாலு சின்னச் சக்கரம். சீட்டில் ஒரு பெண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கக்கத்தில் வைத்து ஊன்றுகிற கட்டை பக்கத்தில் சாய்ந்திருந்தது.

“எந் தங்கச்சி ஜெயக்கொடி. என்ன ஏதுன்னு அதுகிட்டயே கேட்டுக்க,” என்று சொல்லிவிட்டு விருமாண்டி கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

வெள்ளைத்துரை கேட்பதற்கு முன்பே அவள் ஆரம்பித்தாள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப் போல வரிசையாகச் சொன்னாள்.

“வண்டி வந்த புதுசுல கெணத்துக்கும் கொட்டகைக்கும் ஏழு தடவ போயிட்டு வந்தேன். அடுத்த வாரம் அஞ்சு. அதுக்கு அடுத்த வாரம் மூணு. இப்ப ரெண்டாவது தடவையே சோளக்காட்டுக்கிட்ட நின்னுபோகுது. தெனமும் சார்ஜ் போடுறேன். வண்டியோட வந்த சார்ஜர் பெட்டியப் பன்னெண்டு மணி நேரத்துக்குத் திருகி விட்டா டிக்டிக்குன்னு ஓடித் தானா நிக்கும். அது சரியா நிக்குது. வண்டிதான் ஓட மாட்டேங்குது.”

“போகப்போகக் கொறையுதா, திடீர்னு நிக்குதா?”

“மொதல்ல மெதுவாகும். அப்புறம் எறும்பு மாதிரி. அப்புறம் நிக்கும்.”

இருபது வருஷத் தொழிலில், கோளாறை இவ்வளவு சுத்தமாகச் சொன்ன ஆளை அவன் பார்த்ததில்லை. லாரிக்காரர்கள் ‘பேட்டரி செத்துப்போச்சு’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவன் அவளை இறங்கச் சொன்னான். அவள் கட்டையை ஊன்றி இறங்கிப் பக்கத்தில் கிடந்த மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

சீட்டைத் தூக்கினால் அடியில் ஆறு பேட்டரிகள். ஒவ்வொன்றிலும் மூன்று செல், ஆக மொத்தம் பதினெட்டு. முனைகளில் எல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வீட்டிலிருந்து வெந்நீரும் ஆப்பசோடாவும் வாங்கி வந்து கழுவினான். கம்பிகளைச் சுரண்டி இறுக்கி வாஸ்லின் தடவினான். பிறகு பையிலிருந்து ஆசிட்டின் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டரை எடுத்து, ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தான். கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கிற காய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று அவன் வாய்க்குள் முனகியதைக் கேட்டு, “எம்புட்டு இருக்கணும்?” என்றாள்.

“நல்லா சார்ஜ் ஏறுனா ஆயிரத்து எரநூத்தி அறுவது இருக்கணும். இது ஆயிரத்து நூத்தி அம்பதுல நிக்குது. ஒரு செல்லு கெட்டிருந்தா அது மட்டும் தாந்திருக்கும். இங்க பதினெட்டும் ஒண்ணு போலத் தாந்திருக்கு.”

“அப்ப பேட்டரி மேல குத்தம் இல்ல.”

“இருக்காதுன்னுதான் தோணுது. முனையில பூத்திருந்ததால கரண்டு உள்ள போகாம இருந்திருக்கலாம். இப்ப சுத்தம் பண்ணிட்டேன். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க.”

அவள் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பதினெட்டு செல்லின் அளவையும் கேட்டு எழுதிக்கொண்டாள். மத்தியானச் சாப்பாடு கொட்டகைக்கே வந்தது. விருமாண்டியின் மனைவி முத்துத்தாய் இலையைப் போட்டுப் பரிமாறி, “வெக்கப்படாமச் சாப்பிடுங்கண்ணே,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து அவனுக்கு ஒரு தபால் கார்டு வந்தது. மின்சார பில்லைத் தவிர அவன் பேருக்கு எதுவும் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ‘மெக்கானிக் அவர்களுக்கு, வண்டி இரண்டு நாள் நான்கு தடவை ஓடியது. மூன்றாம் நாளிலிருந்து பழையபடி. கழுவியதால் கொஞ்சம் பலன். முழுப் பலன் இல்லை. ஜெயக்கொடி.’ எழுத்து குண்டுகுண்டாக, ஒரே அளவில் இருந்தது. அந்தக் கார்டை அவன் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தான்.

அடுத்த ஞாயிறு போனபோது இனிமேல் யோசித்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை என்று முடிவுசெய்து, ஆறு பேட்டரியையும் கழற்றினான். ஒவ்வொன்றும் ஒரு மூட்டை நெல்லில் பாதி கனம். வேலையாள் சின்னானும் அவனுமாகத் தூக்கி டிராக்டரில் ஏற்றி, அவனியாபுரத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். லாரி பேட்டரி மூன்றைச் சேர்த்துக் கோத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் இந்த ஆறும். தன்னுடைய சார்ஜரில் மாட்டிவிட்டான். மறுநாள் சாயங்காலத்துக்குள் பதினெட்டு செல்லும் சோறு கொதிப்பது போலக் குமிழிவிட்டன. ஹைட்ரோமீட்டரில் ஆயிரத்து இருநூற்று அறுபத்தைந்து.

புதன்கிழமை டிராக்டரிலேயே அவனும் போய் மாட்டிக் கொடுத்தான். ஜெயக்கொடி ஏறி உட்கார்ந்து வலது காலால் மிதித்தாள். வண்டி சத்தமே இல்லாமல் கொட்டகையை விட்டு வெளியே போயிற்று. கிணற்றைத் தாண்டி, சோளக்காட்டைத் தாண்டி, கண்மாய்க் கரையை நோக்கிப் போனது. கூரை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் மறைந்தது. வெள்ளைத்துரை கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான். அரைமணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது முகம் வெயிலில் கறுத்துச் சிவந்திருந்தது.

“கண்மாயில தண்ணி இருக்கு,” என்றாள். “இந்தக் கண்மாய நா கரை மேல இருந்து பாத்ததே இல்ல.”

அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் சொன்னான்: “இது எங் கடை சார்ஜ். தீந்த பெறகு உங்க பெட்டியில போடும்போதுதான் நெசம் தெரியும். பேட்டரியும் நல்லாருக்கு, மோட்டாரும் நல்லாருக்கு. மறுபடி நின்னுச்சுன்னா குத்தம் அந்தச் சார்ஜர் பெட்டியில, இல்லாட்டி உங்க ஊரு கரண்டுல.”

இரண்டு வாரத்தில் கார்டு வந்துவிட்டது. ‘நின்றுவிட்டது. ஆகவே பெட்டி அல்லது கரண்டு.’

அடுத்த முறை போகும்போது வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும், பல அளவில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர் ஒன்றும் இரவல் வாங்கிக்கொண்டு போனான். அமெரிக்காவில் வீட்டுக் கரண்டு நூற்றுப் பதினைந்து வோல்ட்தானாம். அதற்காகத் தம்பி ஒரு டிரான்ஸ்பார்மரும் சேர்த்தே அனுப்பியிருந்தான். இங்கே பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் ஊர் வோல்டேஜ் இறங்கிவிடும். அதனால் அந்தப் பெட்டிக்குக் கிடைப்பது தொண்ணூற்றைந்துதான் என்று மீட்டர் காட்டியது. வெள்ளைத்துரைக்கு மனசு லேசாயிற்று. காரணம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தான். இரவல் டிரான்ஸ்பார்மரை மாட்டி நூற்றுப் பதினைந்துக்கு ஏற்றினான். பேட்டரிக்குப் போகும் கரண்டு கூடவில்லை. நூற்று இருபதுக்கு ஏற்றினான். பெட்டியின் உறுமல் கூடியது, மேல்மூடி கை வைக்க முடியாமல் சுட்டது. பேட்டரிக்குப் போவது மட்டும் அப்படியே இருந்தது.

“எம்புட்டுக் குடுத்தாலும் அது தர்றதத்தான் தருது,” என்றாள் ஜெயக்கொடி.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. “இன்னைக்குப் பூரா உக்காந்து பாக்குறேன். மணிக்கு ஒருக்கா அளவு எடுப்போம்.”

அன்றைக்கு முழுவதும் இரண்டு பேரும் கொட்டகையிலேயே இருந்தார்கள். அவள் மூட்டையின் மேல், அவன் கவிழ்த்த வாளியின் மேல். ஒவ்வொரு மணிக்கும் அவன் அளவைச் சொல்ல அவள் எழுதினாள். வோல்ட் மீட்டர் முப்பத்தாறைத் தாண்டி முப்பத்தேழுக்கு வந்து, பிறகு அசையவே இல்லை. முழு சார்ஜ் ஏறக் குறைந்தது நாற்பத்து நான்கு வர வேண்டும். செல்லுக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு குமிழி கூட இல்லை. ஆசிட் தெப்பக்குளத்துத் தண்ணீர் போல அசையாமல் கிடந்தது.

இடையில் செய்ய ஒன்றும் இல்லாத நேரம் நிறைய இருந்தது. முதலில் அவளே பேசினாள்.

“சோளக்காட்டுக்கிட்ட நிக்குதுன்னு சொன்னேன்ல. மொத தடவ நின்னப்ப காலைல பத்து மணி. கட்டைய இங்கனயே வச்சிட்டுப் போயிட்டேன். வண்டி இருக்கேன்னு ஒரு இது. ரெண்டு பக்கமும் ஆளு ஒசரத்துக்குச் சோளம். கூப்பிட்டுப் பாத்தேன். கெணத்து மோட்டார் ஓடுற சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல.”

“அப்புறம்?”

“பொழுது சாயுறப்ப சின்னான் மாடு ஓட்டிக்கிட்டு வந்தாரு. அவருதான் பாத்தாரு. வீட்ல இருந்தவுக நா கொட்டகையில இருக்கேன்னு நெனச்சிருக்காக. கொட்டகையில வேலை பாத்தவுக நா வீட்ல இருக்கேன்னு நெனச்சிருக்காக.” அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். “மதியம் சோத்துக்கு வரலயேன்னு யாருக்கும் தோணல. பத்துப் பேரு இருக்க வீடு. ஒரு வட்டில் கொறஞ்சா தெரியாது.”

வெள்ளைத்துரை மணி ஆகாதபோதே எழுந்து போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தான்.

“ஒங்க வீட்ல யாரு இருக்கா?” என்று கேட்டாள்.

“யாரும் இல்ல.”

“சொந்தக்காரவுக?”

“அக்கா ஒருத்தி சாத்தூருல இருக்கா. பொங்கலுக்குப் போவேன். போன பொங்கலுக்குப் போகல.” மீட்டர் பக்கம் பார்த்தபடியே, “கடையில சார்ஜர் சத்தம் எந்நேரமும் கேட்டுக்கிட்டு இருக்கும். அதனால ஒண்ணும் தெரியாது. கரண்டு போனாத்தான் என்னமோ மாதிரி இருக்கும்,” என்றான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது.

அவள் தலையாட்டினாள். ஊரில் பெண்கள் எல்லாரும் அவனை அண்ணே என்றார்கள், இந்த வீட்டு முத்துத்தாய் உட்பட. ஜெயக்கொடி ஒரு தடவை கூட அப்படிக் கூப்பிடவில்லை என்பது அன்று திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அவனுக்கு உறைத்தது. அதற்கு ஒரு அர்த்தமும் இருக்க வேண்டியதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண்ணில் ஒரு வண்டியும் இறங்க முடியாது, அதனால் அவசரமும் இல்லை. ஆனால் வெள்ளைத்துரை அந்தப் பெட்டியையே நினைத்துக்கொண்டிருந்தான். ஓட்டலில் சாப்பிடும்போது மேஜையில் தண்ணீரைத் தொட்டுக் கோடு போட்டுப் பார்ப்பான். கடைக்கு வந்த இரண்டு மூன்று பேரிடம் கேட்டும் பார்த்தான். ‘அமெரிக்காச் சாமானா? அப்படித்தான் இருக்கும்’ என்றார்கள்.

தீபாவளி கழிந்து ஒரு கவர் வந்தது. இந்தத் தடவை கார்டில் இடம் போதவில்லை போலிருக்கிறது. ‘மழையில் வேலை இல்லாததால் வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். எட்டாம் வகுப்பு இங்கிலீஷ்தான், பாதி புரியவில்லை. சார்ஜர் பெட்டியின் அடியில் ஒரு தகடு இருக்கிறது. அதில் 115 என்று இருக்கிறது, அது நமக்குத் தெரிந்ததுதான். அதற்குப் பக்கத்தில் 60 என்றும் இருக்கிறது. போன வாரம் கட்டையை ஊன்றிக் கிணற்று மோட்டார் ரூம் வரை போய் அந்தத் தகட்டையும் பார்த்தேன். அதில் அதே இடத்தில் 50 என்று இருக்கிறது. மிக்சியிலும் 50. ரேடியோவிலும் 50. இது எதைக் குறிக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?’

அவனுக்கும் தெரியாது. தகட்டில் அந்த எண்ணை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். எல்லாவற்றிலும் ஐம்பது என்றே இருந்ததால் அதை ஒரு விஷயமாக அவன் நினைத்ததே இல்லை. மறுநாள் காலை கடையைப் பூட்டிவிட்டு, கடிதத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாலிடெக்னிக் ஒன்றில் வேலை பார்க்கிற மொக்கைச்சாமி வாத்தியாரைத் தேடிப் போனான். அவருடைய ஸ்கூட்டர் பேட்டரிக்கு அவன்தான் சார்ஜ் போடுவான்.

மொக்கைச்சாமி கடிதத்தைப் படித்துவிட்டு, “இத யாரு எழுதுனது?” என்று கேட்டார்.

“வண்டிக்காரம்மா.”

“கெட்டிக்காரி. நம்ம ஊர்ல கரண்டு ஒரு செகண்டுக்கு அம்பது தடவ போய்ப் போய் வருது. அமெரிக்காவுல அறுவது தடவ. அந்தப் பெட்டிய அறுவதுக்குன்னே கணக்குப் பண்ணிச் செஞ்சிருக்கான். ஊஞ்சல அது போக்குக்குத் தள்ளுனாத்தான ஏறும்? தப்பான நேரத்துல எம்புட்டுத் தள்ளுனாலும் ஏறாது. வோல்ட்டக் கூட்டுனா சூடுதான் ஏறும்.”

“ரிப்பேர் பண்ண முடியுங்களா சார்?”

“ரிப்பேர் பண்றதுக்கு அதுல என்ன இருக்கு? பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஊருதான் வேற. நீயே ஒரு சார்ஜர் கட்டிக் குடுத்துரு. ஒனக்குத் தெரியாத வேலையா?”

தெரிந்த வேலைதான். அவன் கடையில் உறுமிக்கொண்டிருக்கிற பெட்டியும் அவன் கட்டியதுதான். ஒரு டிரான்ஸ்பார்மர் சுற்றக் கொடுத்தான். நான்கு டயோடு, சூட்டைத் தணிக்க அலுமினியத் தகடு, ஒரு ஆம்பியர் மீட்டர். கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வாரம் கட்டினான். தனக்கென்றால் தகரப் பெட்டியில் அடைத்திருப்பான். இதற்கு இரும்புத் தகட்டில் பெட்டி செய்து பால் நிறப் பெயிண்ட் அடித்தான். கீழே உட்காராமலும் குனியாமலும் திருப்புவதற்கு வசதியாக ஸ்விட்சை மேல்பக்கம் வைத்தான்.

மார்கழி பிறந்து இரண்டாவது ஞாயிறு அதைத் தூக்கிக்கொண்டு போனான். மண் காய்ந்திருந்தது. மாட்டி, ஸ்விட்சைப் போட்டதும் ஆம்பியர் முள் துள்ளி ஏறியது. மத்தியானத்துக்குள் வோல்ட் மீட்டர் நாற்பதைத் தாண்டிவிட்டது. மூன்று மணிக்கு ஜெயக்கொடி செல்லின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, “கொதிக்குது,” என்றாள். அவன் ஒவ்வொரு செல்லாகத் திறந்தான். பதினெட்டும் கொதித்தன. இருவரும் குனிந்து அந்தக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விருமாண்டி வந்து பார்த்துவிட்டு அவன் தோளில் தட்டினார். “தம்பிக்கு எழுதிப் போட்டோம்பா. ‘அது சரிப்படாட்டா ஓரமாப் போட்டு வைங்க, வரும்போது பாத்துக்கலாம்’னு எழுதுனான். அவன் எப்ப வரப்போறான்? நீ முடிச்சுக் குடுத்துட்ட.”

“கண்டுபிடிச்சது இவுகதாண்ணே. நா கட்டுனேன், அம்புட்டுத்தான்,” என்றான் வெள்ளைத்துரை. விருமாண்டி அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவர் போன பிறகு ஜெயக்கொடி கேட்டாள்: “இனி என்ன செய்யணும்?”

“மாசம் ஒருக்கா செல்லுல டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க. பைப்புத் தண்ணி ஊத்திராதீங்க. முனையில பூக்காமப் பாத்துக்கங்க. ஹைட்ரோமீட்டர் ஒண்ணு வாங்கி வந்திருக்கேன், வச்சுக்கங்க. வேற ஒண்ணும் இல்ல.”

“நீங்க வர வேண்டியிருக்காது.”

“வேலை இருக்காது.”

அவள் நோட்டை மூடிப் பென்சிலை அதற்குள் வைத்தாள். “சரி,” என்றாள்.

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் அவன் முன்னதாகவே கிளம்பி ரோட்டுக்கு வந்து நின்றுகொண்டான்.

அதற்குப் பிறகு தை மாதத்தில் ஒரு கார்டு வந்தது. ‘எல்லா செல்லும் 1260. தண்ணீர் ஊற்றினேன். நேற்று பேரையூர் போஸ்ட் ஆபீசுக்கு நானே வண்டியில் போய் வந்தேன். அண்ணன் சத்தம் போட்டார். மறுபடியும் போவேன். இந்தக் கார்டையும் அங்கே போய்த்தான் போடப்போகிறேன்.’ மாசியில் இன்னொன்று. அதில் அளவுகள் மட்டும் இருந்தன. பங்குனியில் ஒன்றும் வரவில்லை.

வராததற்குக் காரணம் அவனுக்கே தெரிந்ததுதான். வண்டி நன்றாக ஓடுகிறது, எழுத என்ன இருக்கிறது? ஆனாலும் தபால்காரர் தெருவைக் கடக்கிற நேரத்தில் அவன் கை வேலையை நிறுத்திவிடும். ஒரு நாள் மத்தியானம் கரண்டு போய் மூன்று மணி நேரம் வரவில்லை. சார்ஜர் அடங்கிக் கிடந்தது. ரோட்டில் பஸ்கள் போகிற சத்தமும், ஓட்டலில் யாரோ தட்டுக் கழுவுகிற சத்தமும் பக்கத்தில் கேட்டன. அவன் பெஞ்சில் உட்கார்ந்து, கைக்கெட்டிய லாரி பேட்டரியின் முனையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அந்த வார ஞாயிறு, யாரும் கூப்பிடாமலேயே, ஓட்டை இல்லாத சட்டை ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினான். கேட்டால் சொல்வதற்கு இருக்கட்டும் என்று டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்றையும் எடுத்துக்கொண்டான்.

தோட்டத்தில் இறங்கி உள்ளே போனால் கொட்டகையில் வண்டி இல்லை. பால் நிறப் பெட்டி மட்டும் சுவரோரமாக இருந்தது. அதன் மேல் ஒரு துணி போட்டு மூடியிருந்தது. முத்துத்தாய் வீட்டு வாசலிலிருந்து பார்த்துவிட்டு வந்தாள்.

“வாங்கண்ணே. வண்டியில எதும் கோளாறுன்னு சொல்லி விட்டாளா?”

“இல்ல, இல்ல. தண்ணி அளவு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“அவ எங்க வீடு தங்குறா? காலையிலயே கெளம்பிட்டா. பேரையூருல ஒரு டீச்சரம்மா பழக்கமாகியிருக்காக. ஞாயித்துக்கெழமையானா அங்க போய் இங்கிலீஷு படிக்கிறா. சாயங்காலந்தான் வருவா. இருக்கீகளா?”

“இருக்கட்டும். பக்கத்துல ஒரு வேலையா வந்தேன். போறேன்.”

கேனைக் கொட்டகையில் வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்தான். பஸ் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் பேரையூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றான். கடைசியில் வளைவைத் திரும்பி பஸ்தான் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். டி.கல்லுப்பட்டியில் பஸ் ஒரு கால் மணி நேரம் நிற்கும் என்று டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனார். எதிர்ப்பக்கம் பேரையூர் போகிற பஸ் ஒன்று கிளம்பத் தயாராக இருந்தது. வெள்ளைத்துரை எழுந்து படிக்கட்டு வரைக்கும் வந்தான். திரும்பிப் போனால் பொழுது சாய அங்கே இருக்கலாம், அவளும் வந்திருப்பாள். ஆனால் முத்துத்தாயிடம் என்ன சொல்வது? அந்தப் பஸ் புறப்பட்டுப் போகிற வரைக்கும் படிக்கட்டிலேயே நின்றுவிட்டு, மறுபடி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

நாலு நாள் கழித்துக் கார்டு வந்தது.

‘நீங்கள் வந்ததாக அண்ணி சொன்னாள். பக்கத்தில் என்ன வேலையாக வந்தீர்கள் என்று தெரியவில்லை. டீச்சர் ஊருக்குப் போய்விட்டதால் அன்று நான் சீக்கிரமே திரும்பிவிட்டேன். வீட்டுக்கு அரை மைல் இருக்கும்போது ஒரு பஸ் என்னைக் கடந்து போய், நம் தோட்டத்துக்கிட்டே நின்று கிளம்பியது. அதில் ஏறியது நீங்களா? எல்லா செல்லும் 1260.’

பஸ்ஸுக்குப் பின்னால் வந்திருக்கிறாள். ஏறிய பிறகு அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. வெள்ளைத்துரை கார்டைக் காலண்டருக்குப் பின்னால் மற்றவற்றோடு செருகினான். பிறகு ரோட்டைக் கடந்து போய்ப் பெட்டிக்கடையில் ஒரு தபால் கார்டு வாங்கினான். அவளுக்கு அவன் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. அவள் எழுதுவாள், அவன் கிளம்பிப் போவான், அவ்வளவுதான். கடை பெஞ்சில் வைத்து, பேட்டரியில் நம்பர் எழுதுகிற பென்சிலால், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பமே இல்லாமல் எழுதினான்.

‘ஆமாம், நான்தான். வேலை ஒன்றும் இல்லை. சும்மாதான் வந்தேன்.’

அதற்கு மேல் எழுத நிறைய இடம் இருந்தது. வேறு எதுவும் எழுதவில்லை. விலாசத்தை எழுதித் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு அவன் திரும்பி வந்தபோது, கடை வாசலில் ஒரு லாரிக்காரர் பேட்டரியைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன கோளாறுண்ணே?” என்று கேட்டான்.

“செத்துப்போச்சுப்பா,” என்றார் அவர்.

“எப்ப இருந்து?” என்று கேட்டுக்கொண்டே வெள்ளைத்துரை குனிந்து செல்லின் மூடியைத் திறந்தான்.